ஒரே பேட்டரிக்கு ரெண்டு சார்ஜ் கன்ட்ரோலர்: சண்டை போடுமா?

2 ஏப்ரல் 2023, கேள்வி

புளியரையில இருக்கேன். மாடியில 150 வாட் பேனல் ரெண்டு, தெற்கு பார்த்து, ஆறு வருஷமா ஓடுது. பேனல் கரண்டை அளவா பேட்டரிக்கு விடுற சார்ஜ் கன்ட்ரோலர் 20 ஆம்ப், பிடபிள்யூஎம் (பேனலை பேட்டரி வோல்ட்டுக்கே இழுத்து வச்சு ஏத்துற மலிவு ரகம்). 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி ரெண்டு, சீரிஸ்ல 24 வோல்ட். இப்போ 335 வாட் பேனல் ரெண்டு வாங்கியாச்சு. மாடியில இடமில்ல. மாட்டுத் தொழு தகரத்து மேல, கிழக்கு பார்த்துதான் வைக்க முடியும். பழைய கன்ட்ரோலர் இதையும் சேர்த்துத் தாங்காது. புதுசுக்கு எம்பிபிடி (பேனலோட அதிக வோல்ட்டை இறக்கி ஆம்பைக் கூட்டிக் கொடுக்கிற ரகம்) ஒண்ணு தனியா வாங்கி அதே பேட்டரியில மாட்டலாமா? கடைக்காரர் கூடவே கூடாதுங்கார். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டு பேட்டரி வெடிச்சிருமாம். பெரிய கன்ட்ரோலரா ஒண்ணு வாங்கி நாலு பேனலையும் அதுல கொடுக்கச் சொல்லுதார். அண்ணாச்சிமார் யாராவது ரெண்டு மாட்டி ஓட்டுதீங்களா?

2 ஏப்ரல் 2023, ராத்திரி

மாட்டலாம் தம்பி. செங்கோட்டையில மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். வீட்ல 2016லேருந்து ரெண்டு கன்ட்ரோலர், ஒரே பேட்டரி. இதுவரைக்கும் வெடிக்கல. ஒரு தடவை கொதிச்சிருக்கு. அது என் கைவேலை, பிறகு சொல்லுதேன்.

சண்டைங்கிற பேச்சு எங்கேருந்து வந்துதுன்னு தெரியல. ஒரு குளத்துக்கு ரெண்டு கால் வழியா தண்ணி வருதுன்னு வச்சுக்கோ. ஒவ்வொரு கால்லயும் ஒரு ஷட்டர், ஷட்டருக்கு ஒரு நீர்ப்பாய்ச்சி. குளத்துல அளவுக்கல் இருக்கு. தண்ணி கல்லைத் தொடுற வரைக்கும் ரெண்டு பேரும் முழுசாத் திறந்து விடுவாங்க. தொட்டதும் கொஞ்சம் கொஞ்சமா இறக்குவாங்க. இவன் கல்லு 28.8 வோல்ட், அவன் கல்லு 28.4ன்னு இருந்தா அவன் முதல்ல மூடிட்டு வரப்புல உக்காந்திருவான். இவன் மீதியை நிரப்புவான். இதுல சண்டைக்கு இடமே இல்ல, ஒருத்தன் சும்மா இருக்கான், அம்புட்டுதான்.

இன்னொண்ணு. உன் வீட்ல இப்பவே ரெண்டு சார்ஜர் அந்தப் பேட்டரியில மாட்டித்தான் கிடக்கு. ஒண்ணு சோலார், இன்னொண்ணு இன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற லைன் சார்ஜர். கரண்ட் இருக்கிற பகல்ல ரெண்டும் சேர்ந்துதான் ஏத்துது. ஆறு வருஷமா வெடிக்காததுக்கு என்ன காரணம்னு கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு வா.

நாலு பேனலையும் ஒரே கன்ட்ரோலர்ல கொடுக்கிறது ஆகவே ஆகாது. வேற வேற வாட், வேற வேற திசை. ரெண்டு கன்ட்ரோலரும் ஒரே கம்பெனியா இருந்தா நல்லது.

3 ஏப்ரல் 2023, காலையில

நேத்து தூக்கத்துல எழுதினது. விட்டுப்போனது நிறைய.

பேட்டரி பக்கம்தான் பொது. பேனல் பக்கம் கிடையாது. தொழு பேனல் எம்பிபிடிக்கு மட்டும், மாடிப் பேனல் பழசுக்கு மட்டும். ஒரே பேனல் வயரைப் பிரிச்சு ரெண்டு கன்ட்ரோலருக்கும் கொடுத்தா, அப்போ நிஜமாவே சண்டை. பேனலை எந்த வோல்ட்ல நிறுத்தினா அதிக வாட் வரும்னு எம்பிபிடி ஏத்தி இறக்கித் தேடிக்கிட்டே இருக்கும். அந்த நேரம் இன்னொருத்தன் அதே பேனலை பேட்டரி வோல்ட்டுக்கு இழுத்தா அது எதைத் தேடும்?

மாட்டும்போது முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல். கழட்டும்போது முதல்ல பேனல். பேட்டரி இல்லாம வெயில்ல பேனலை மட்டும் கொடுத்தா சில கன்ட்ரோலர் அதோட சரி.

கன்ட்ரோலர்ல பல்ப் படம் போட்ட லோடு டெர்மினல் இருக்கும். ரெண்டு கன்ட்ரோலரோட லோடு டெர்மினலையும் சேர்க்காதே. இன்வெர்ட்டரை அதுல மாட்டவே மாட்டாதே. அது 20 ஆம்ப் வாசல், இன்வெர்ட்டர் ஸ்டார்ட் ஆகும்போது 100 ஆம்ப் கேக்கும். இன்வெர்ட்டர் நேரா பேட்டரிக்கு. ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் பேட்டரி பக்கத்துலயே தனித்தனி ஃபியூஸ்.

3 ஏப்ரல் 2023, மத்தியானம்

ராத்திரி நான் எழுதினதுல ஒண்ணை மதுரையிலேருந்து ஒருத்தர் பிடிச்சிட்டார். சரியாத்தான் பிடிச்சிருக்கார். 150 வாட் ரெண்டை சீரிஸ் போட்டா 36 வோல்ட் சுமார். 335 வாட் ஒண்ணு தனியா 37.5 வோல்ட் சுமார். ஆக இந்த மூணு வரிசையையும் பேரலல்ல சேர்த்து ஒரே 40 ஆம்ப் எம்பிபிடியில கொடுத்தா ஓடும். திசை வேற வேறங்கிறதும் பேரலல்ல பெரிய விஷயமில்ல. வெயில் குறைஞ்சா பேனல்ல ஆம்ப்தான் விழும், வோல்ட் அவ்வளவா விழாது. கடைக்காரர் சொன்னது முழுத் தப்புன்னு நான் சொன்னது தப்பு.

ஆனா அந்த 36 ஃபேக்டரிக் கணக்கு, 25 டிகிரியில அளந்தது. சித்திரை மத்தியானம் பேனல் 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.4 சதவீதம் வச்சாலும் 14 சதவீதம் போச்சு, 31 வோல்ட்தான் மிச்சம். பேட்டரி 28.8 கேக்கும்போது இது இழுத்துப்பிடிச்ச கணக்கு. தொழுவிலேருந்தும் மாடியிலேருந்தும் 26 ஆம்ப் கொண்டுவர தடி வயர் வேற. பழைய கன்ட்ரோலர் சும்மா கிடக்கும். அதனால ரெண்டு கன்ட்ரோலர்தான்னு நான் இன்னும் நிக்கேன், ‘ஆகவே ஆகாது’ங்கிற வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்குதேன்.

4 ஏப்ரல் 2023

எம்பிபிடிக்குக் கூடுதல் பைசா தண்டமா, இன்னொரு பிடபிள்யூஎம் போதாதான்னு கேட்டிருக்கே. 24 வோல்ட் பேட்டரிக்குப் பெரிய வித்தியாசம் வராது. 335ஐ பிடபிள்யூஎம்ல கொடுத்தா 8.8 ஆம்ப் வரும், 27 வோல்ட்டோட பெருக்கினா 238 வாட். எம்பிபிடியில வெயில் சூட்டோட 270 சொச்சம். 12 வோல்ட் பேட்டரியா இருந்தா கதையே வேற. பிடபிள்யூஎம்ல 119 வாட்தான் தேறும், பாதிப் பேனலைக் கழுவி ஊத்தின மாதிரி.

உனக்கு எம்பிபிடி வாங்கச் சொல்றதுக்குக் காரணம் வயர். தொழு எவ்வளவு தூரம்னு நீ சொல்லவே இல்லையே?

6 ஏப்ரல் 2023

பதினாலு மீட்டர்ங்கே. அப்போ என் கதையை முழுசாச் சொல்லணும்.

2016ல நானும் எம்பிபிடியைத் தொழுவுலயே, பேனலுக்குக் கீழயே மாட்டினேன். பேனல் பக்கத்துல இருந்தா நல்லதுன்னு ஒரு நினைப்பு. அங்கேருந்து பேட்டரிக்கு ஆறு மீட்டர், 4 ஸ்கொயர் எம்எம் வயர். கடையில மிச்சம் கிடந்தது. பதினோரு மணிக்கு எம்பிபிடி 28.8 வந்தாச்சுன்னு சொல்லி ஆம்பைக் குறைக்கும். ஒரு மணிக்கு ஃப்ளோட்டுக்குப் (நிறைஞ்ச பேட்டரியைத் தக்கவைக்கிற குறைஞ்ச வோல்ட்) போயிரும். சாயங்காலம் ஆசிட் அடர்த்தி பாக்கிற ஹைட்ராமீட்டர் விட்டா பேட்டரி நிறையல. ராத்திரி பத்தரைக்கு இன்வெர்ட்டர் கீச்சுன்னு கத்தும். எம்பிபிடி ஃபால்ட்டுன்னு முடிவு கட்டி, பில்லைத் தேடி எடுத்து, பார்சல் கட்டி அனுப்பி, ஒன்றரை மாசம் காத்திருந்து, புதுசு வந்து மாட்டினா அதுவும் பதினோரு மணிக்கு 28.8ங்குது. கம்பெனிக்காரனை நான் வைஞ்ச வசவு இங்க எழுதத் தகாது.

ஒருநாள் மத்தியானம் மைனி சாப்பிடக் கூப்பிட்டும் போகாம மல்டிமீட்டரோட உக்காந்தேன். கன்ட்ரோலர் டெர்மினல்ல 28.8. நடந்துபோய் பேட்டரி காதுல வச்சா 28.0. திரும்ப நடந்தேன், 28.8. நாலு நடை நடந்த பிறகுதான் மண்டையில உறைச்சுது. அந்த 0.8 வோல்ட் வயருக்குள்ள செத்துக் கிடக்கு.

கணக்கு இதுதான்: 4 ஸ்கொயர் எம்எம் செம்பு மீட்டருக்கு ஏறக்குறைய 4.6 மில்லி ஓம். ஆறு மீட்டர்னா போக வர பன்னிரண்டு, 55 மில்லி ஓம். அதுல 15 ஆம்ப் ஓடினா 0.8 வோல்ட். நீர்ப்பாய்ச்சி குளத்து அளவுக்கல்லைப் பாக்கல, தன் காலடியில முட்டி நிக்கிற தண்ணியைப் பாத்து நிறைஞ்சிட்டுன்னு ஷட்டரை இறக்கிட்டான். இறக்கின பிறகு முட்டின தண்ணி கொஞ்சம் வடியும், மறுபடி கொஞ்சம் திறப்பான். நிரம்பத்தான் செய்யும், ஆனா ரொம்ப மெதுவா. அதுக்குள்ள ரெண்டு மணி நேர டைமர் முடிஞ்சு ஃப்ளோட்டுக்குப் போயிருவான்.

கன்ட்ரோலரைக் கழட்டி பேட்டரிக்கு ஒரு மீட்டர்ல செவுத்துல மாட்டினேன். அந்த ஒரு மீட்டருக்கு 10 ஸ்கொயர் எம்எம். அதே பழைய 4 ஸ்கொயர் எம்எம் வயரை பேனல் பக்கம் விட்டேன். அங்க ரெண்டு பேனல் சீரிஸ், 75 வோல்ட், 8.8 ஆம்ப்தான். அதே வயர்ல அரை வோல்ட் விழுது, 75ல அரை போனா யாருக்குக் கவலை? எம்பிபிடியோட லாபமே இதுதான். தூரத்தை அதிக வோல்ட்ல கடந்துட்டு பேட்டரி பக்கத்துல வந்து இறக்கிக்கலாம். உன் பதினாலு மீட்டருக்கும் இதே ஏற்பாடு.

அந்தக் கம்பெனிக்கு மன்னிப்புக் கடுதாசி எழுதல. எழுதியிருக்கணும்.

7 ஏப்ரல் 2023

அப்போ மூணு பேனலை சீரிஸ்ல போட்டா இன்னும் மெல்லிசு வயர் போதுமேன்னு ஒருத்தர் கேக்கார். கன்ட்ரோலர் மேல 100 வோல்ட்னு எழுதியிருந்தா ரெண்டோட நிறுத்தணும். 335 வாட் பேனல் லோடு இல்லாம 46 வோல்ட் வரைக்கும் நிக்கும். ரெண்டு 92. மார்கழிக் காலை குளிர்ல 94. மூணுன்னா 138, வாங்கின அன்னைக்கே புகை.

11 ஏப்ரல் 2023

திசையைப் பத்தி. மாடியில தெற்கு, தொழுவுல கிழக்குன்னு நீ வருத்தப்பட்டிருந்தே. புளியரையில கிழக்கு நல்லதுதான். நம்ம பக்கம் மேற்கே மலை மதில் மாதிரி நிக்கு. சாயங்கால வெயிலை அது முன்னாடியே விழுங்கிரும். காலை வெயில்தான் நமக்கு முழுசாக் கிடைக்கிறது. தொழு பேனல் மத்தியானத்துக்கு முன்னாடியே உச்சத்துக்குப் போகும். மாடிப் பேனல் பன்னிரண்டரைக்கு. ஒருத்தன் களைக்கும்போது அடுத்தவன் வருவான்.

தெற்குச் சாய்வையும் பெரிசா நம்பாதே. நாம இருக்கிறது 9 டிகிரி வடக்கு. சித்திரை பிறக்கிற சமயம் சூரியன் மத்தியானம் உச்சந்தலைக்கு நேரா வந்திரும். அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கேதான். பத்து டிகிரி சாய்வு போதும், அதுவும் மழைத்தண்ணி வடியத்தான்.

12 ஏப்ரல் 2023

ஆரியங்காவுலேருந்து ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கார். எஸ்டேட்ல இருந்து ரிட்டயர்டு ஆனவர், இந்த இழையைப் பாத்து கிழக்கு நோக்கி வைக்கக் கிளம்பிட்டாராம். அண்ணாச்சி, வேண்டாம், வேண்டாம்! நீங்க மலைக்கு அந்தப் பக்கம். உங்களுக்குச் சூரியன் மலையேறி வரவே லேட்டாகும். நான் சொன்னதை அப்படியே கவுத்துப் போடுங்க. கணவாய்க்கு இந்தப் பக்கம் எழுதினது அந்தப் பக்கத்துக்குப் பொருந்தாதுன்னு எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். பேனல் மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க மணிக்கொரு தடவை நிழலைப் பாத்துக் குறிச்சு வைங்க. காசில்லாத வேலை.

23 ஏப்ரல் 2023

கொதிச்ச கதை. தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்.

2018ல மாடி வயரை மாத்தும்போது ஒரு வயர் மிச்சம் பிடிக்கலாம்னு யோசனை. ரெண்டு கன்ட்ரோலருக்கும் நெகட்டிவ் எப்படியும் பேட்டரி நெகட்டிவ்தானே, ரெண்டு பேனல் வரிசைக்கும் சேர்த்து ஒரே நெகட்டிவ் வயர் கொண்டாந்தா என்ன? கொண்டாந்தேன். காயில் கட்டுறவனுக்கு இருக்கிற திமிர்.

மூணாம் நாள் பேட்டரி ரூமைத் திறந்தா கந்தக வாடை. மூடியைத் திருகினா உள்ளே சோறு கொதிக்கிற சத்தம். மீட்டர்ல 31 சொச்சம். பழைய பிடபிள்யூஎம் பாவமா ‘ஃபுல்’னு காட்டிட்டு நிக்கு. அது மூடித்தான் வச்சிருக்கு, தண்ணிதான் வேற வழியா வருது.

விஷயம் இதுதான். விலை மலிஞ்ச பிடபிள்யூஎம்ல பெரும்பாலும் பாசிட்டிவ்தான் பொது. பேனல் பாசிட்டிவும் பேட்டரி பாசிட்டிவும் உள்ளே ஒண்ணு. சுவிட்ச் இருக்கிறது நெகட்டிவ் பாதையில. எம்பிபிடியில பெரும்பாலும் நெகட்டிவ் பொது. நான் ரெண்டு பேனல் நெகட்டிவையும் சேர்த்ததும் பழைய கன்ட்ரோலரோட சுவிட்சை எம்பிபிடி வழியாச் சுத்திப் போக ஒரு கள்ளப்பாதை உண்டாயிட்டு. மாடிப் பேனல் நேரா பேட்டரியில, கேள்வி கேக்க ஆளில்லை.

வாங்கினதும், எதையும் மாட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை பஸ்ஸர்ல வச்சு பேனல் நெகட்டிவ், பேட்டரி நெகட்டிவ் ரெண்டையும் தொட்டுப் பாருங்க. அப்புறம் பாசிட்டிவ் ரெண்டையும். எது கத்துதோ அது பொது. கத்தினாலும் கத்தாட்டியும், ஒவ்வொரு பேனல் வரிசைக்கும் ரெண்டு வயர் தனியாக் கொண்டுவாங்க. வயர் மிச்சம் பிடிச்சு டிஸ்டில்டு வாட்டருக்கும் ஒரு செல்லுக்கும் தண்டம் கட்டினவன் சொல்லுதேன்.

24 ஏப்ரல் 2023

முதல் நாள் ‘ஒரே கம்பெனியா இருந்தா நல்லது’ன்னு எழுதினேன் இல்லையா. யோசிச்சா அதுக்குக் காரணம் எங்கிட்ட இல்ல. என்னோடதே ரெண்டும் வேற வேற கம்பெனி. அளவுக்கல் ஒண்ணா இருந்தாப் போதும். பூஸ்ட் (நிரப்புற வோல்ட்), ஃப்ளோட் ரெண்டையும் பேட்டரி மேல ஒட்டியிருக்கிற சீட்டுப்படி வைங்க. பழசுல மாத்த முடியாட்டி புதுசை அதுக்குப் பக்கத்துல கொண்டுவாங்க. விக்ட்ரான் மாதிரி சிலதுல கன்ட்ரோலர்கள் புளூடூத்லயே பேசிக்கிட்டு எல்லாம் ஒரே நேரத்துல பூஸ்ட், ஒரே நேரத்துல ஃப்ளோட்டுன்னு போகும். பைசா இருக்கிறவங்களுக்கு நல்லது. இல்லாட்டியும் ஓடும்.

25 ஏப்ரல் 2023

அளவுக்கல் ஒண்ணா வச்சும் மாடிக் கன்ட்ரோலர் 27.8லேயே மூடுதுன்னு சொல்லுதே. அதை எங்க மாட்டியிருக்கே? மாடிப்படி தகரக் கொட்டாய்க்குக் கீழயா?

26 ஏப்ரல் 2023

நினைச்சேன். சூடு ஏற ஏற பேட்டரிக்கு வோல்ட்டைக் குறைக்கணும்னு ஒரு கணக்கு கன்ட்ரோலருக்குள்ள இருக்கு. செல்லுக்கு டிகிரிக்கு 4 மில்லிவோல்ட் சுமார். 24 வோல்ட்ல 12 செல், ஆக டிகிரிக்கு 48 மில்லிவோல்ட். உன் கன்ட்ரோலர் தன் உடம்புச் சூட்டை வச்சு பேட்டரியும் அதே சூடுன்னு நினைக்குது. தகரத்துக்குக் கீழ அதுக்கு 20 டிகிரி கூடுதல். இருபதை 48ஆல் பெருக்கு, 0.96. இருபத்தெட்டு புள்ளி எட்டுலேருந்து கழி. நீ சொன்ன 27.8 வந்துட்டா?

பேட்டரி ரூமுக்குக் கொண்டுவா. பேட்டரிக்கு நேர் மேல வேண்டாம், ஆசிட் ஆவி போர்டைத் தின்னும். பக்கத்துச் செவுத்துல மாட்டு.

14 மே 2023

ஆம்பைப் பத்திச் சொல்லாம விட்டது என் தப்பு. பதினஞ்சு நாள்ல பேட்டரித் தண்ணி இறங்கிட்டுன்னு புளியரைத் தம்பி போன்ல சொன்னான். எம்பிபிடி 20, பழசு 8, ரெண்டும் சேர்ந்தா 28 ஆம்ப். 150 ஏஹெச் டியூபுலருக்கு 15 ஆம்ப் நல்லது, அதாவது பத்துல ஒரு பங்கு. 22 வரைக்கும் போகலாம். அதுக்கு மேல ஏத்தினா சூடும் குமிழியும்தான். கன்ட்ரோலர் எத்தனைன்னு பேட்டரி பாக்காது, மொத்த ஆம்பைத்தான் பாக்கும்.

எம்பிபிடி செட்டிங்ல அதிகபட்ச ஆம்பை 14ன்னு வைக்கச் சொன்னேன்.

16 மே 2023

மேல இருக்கிறதுக்கு ஒரு வால். பகல்ல ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் இன்வெர்ட்டர்ல ஓடினா அதுக்கே ஆறேழு ஆம்ப் போயிரும். பேட்டரிக்குள்ள போறது மீதிதான். தவிர கிழக்கும் தெற்கும் ஒரே நேரத்துல உச்சம் தொடுறதில்ல. அதனால 28ங்கிறது காகிதக் கணக்கு. கிளாம்ப் மீட்டரை பேட்டரி வயர்லயே மாட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணு. டிசி அளக்கிற கிளாம்பா இருக்கணும், எலக்ட்ரீசியன் கையில இருக்கிற பாதி கிளாம்ப் ஏசி மட்டும்தான் காட்டும்.

தம்பி அளந்தான். பதினோரு மணிக்கு 21. இப்போ எம்பிபிடியை 18ல வச்சிருக்கோம்.

2 ஜூன் 2023

ஒருத்தர் ஃபியூஸுக்குப் பதிலா வீட்டு எம்சிபி (மெயின் போர்டுல தானா விழுற சுவிட்ச்) போட்டிருக்கேன்னு போட்டோ அனுப்பியிருக்கார். கழட்டுங்க. ஏசி கரண்ட் செகண்டுக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டு வரும், பிரியும்போது வர்ற பொறி தானா அணைஞ்சிரும். டிசி பூஜ்யத்தைத் தொடாது. 75 வோல்ட்ல பொறி நின்னு எரியும். எங்க கடை அலமாரியில அப்படி உருகின எம்சிபி ஒண்ணு இருக்கு, வர்றவங்களுக்குக் காட்டுறதுக்கு. டிசின்னு போட்டதை வாங்கி, பிளஸ் மைனஸ் குறியைப் பாத்து மாட்டுங்க.

9 ஜூலை 2023

சாரல். குத்தாலத்துல கூட்டம், எங்க ரோட்ல டிராபிக், பேட்டரியில பஞ்சம். வெயிலும் தூத்தலும் சேர்ந்து காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் நடக்கிற நேரம் எம்பிபிடி டிஸ்பிளேயைப் பாத்தா வேடிக்கை. 40 வாட், மேகம் விலகினா சட்டுன்னு 600, மறுபடி 60. மாசியில நாளைக்கு மூணரை யூனிட் கிடைச்சுது. நேத்து 0.9.

ஆடி பிறக்கப்போகுது, அம்மி பறக்கிற காத்து. கணவாய் வழியா வர்றது நம்ம வீட்டுத் தகரத்து மேலதான் இறங்கும். தொழு மேல பேனல் வச்சவங்க போல்ட்டை ஒரு தடவை முறுக்கிப் பாருங்க.

10 ஜூலை 2023

குரங்கு வயரைக் கடிக்குமான்னு கேள்வி. கடிக்கும். பைப்புக்குள்ள விடுங்க. பேனல் மேல உக்காந்து ஈரம் காயவச்சதும் உண்டு, அதுக்கு மருந்து எங்கிட்ட இல்ல.

3 செப்டம்பர் 2023

தம்பி மறுபடி வந்தான். காலையில ஒன்பது மணிக்கே ரெண்டு கன்ட்ரோலரும் ஃப்ளோட்டுங்குதாம். வெயில் கொளுத்துது, ரெண்டும் சேர்ந்து ரெண்டு ஆம்ப்தான் காட்டுதாம். ‘கடைசியில சண்டை வந்துட்டு அண்ணாச்சி’ன்னான்.

நேர்ல போனேன். லக் எல்லாம் இறுக்கமா இருக்கு. 10 ஸ்கொயர் வயர், ரெண்டும் ஒரே நீளம், ரெண்டும் பஸ்பார்ல. கன்ட்ரோலர்ல 27.4, பேட்டரி காதுல 27.4. குறை சொல்ல ஒண்ணுமில்ல. அரை மணி நேரம் முழிச்சிட்டு, ராத்திரி கரண்ட் போச்சான்னு கேட்டேன். எட்டரைக்குப் போய் பத்துக்கு வந்துச்சாம். பத்து மணியிலேருந்து விடிய விடிய இன்வெர்ட்டர் லைன் கரண்ட்ல பேட்டரியை நிரப்பி வச்சிருக்கு. சூரியன் வரும்போது குளம் நிறைஞ்சு கிடக்கு, நீர்ப்பாய்ச்சி ரெண்டு பேரும் வரப்புல பீடி குடிக்காங்க.

முதல் நாள் நானே எழுதினேன், ‘வீட்ல ஏற்கெனவே ரெண்டு சார்ஜர்’னு. எழுதின எனக்கே அது ஞாபகத்துக்கு வர அரை மணி நேரம். இதுக்குன்னே லைனை வெட்டிவிடுற ரிலே உள்ள சோலார் இன்வெர்ட்டர் இருக்கு. பேட்டரி நல்லா இருந்தா லைனைத் துண்டிச்சு, இறங்கினாத்தான் சேர்க்கும். அவனோடது பழைய மாடல். அதனால இன்வெர்ட்டருக்கு வர்ற பிளக்குல ஒரு சுவிட்ச் போட்டோம். காலையில அம்மா பால் கறக்கப் போகும்போது ஆஃப், சாயங்காலம் விளக்கு வைக்கும்போது ஆன். அந்தம்மாதான் இப்போ மூணாவது நீர்ப்பாய்ச்சி.

20 டிசம்பர் 2023

17, 18 மழையில எல்லாரும் பத்திரமா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டராம். இங்க அந்த அளவு இல்ல, ஆனா லைன் போயிட்டு. முதல் நாள் பகல் முழுக்க அரை யூனிட் கூடத் தேறல. ரெண்டு கன்ட்ரோலர் என்ன, நாலு இருந்தாலும் வானம் கொடுத்தாத்தானே. ஃபிரிட்ஜை நிறுத்தி, ரெண்டு லைட், ஒரு போன் சார்ஜர்னு இறங்கினோம். அப்படியும் மூணாம் நாள் காலையில 23.9.

புளியரையில அம்மா 16ந் தேதி காலையில மேகத்தைப் பாத்துட்டு சுவிட்சை ஆஃப் பண்ணவே இல்லையாம். லைன் போகும்போது பேட்டரி நிறைஞ்சு இருந்திருக்கு. நாங்க அளந்து அளந்து கண்டுபிடிச்சதை அவங்க வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்தே முடிச்சிட்டாங்க.

5 மார்ச் 2024

பிஎம் சூர்யா கர் (மத்திய அரசோட வீட்டு சோலார் திட்டம்) மானியம் இதுக்குக் கிடைக்குமான்னு நாலு பேர். கிடைக்காது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்ங்கிறது லைனோட சேர்க்கிற சிஸ்டத்துக்கு. பேட்டரி மட்டும் வச்சு ஓட்டுறதுக்கு இல்ல. லைனோட சேர்த்தா கரண்ட் பில் குறையும். ஆனா பேட்டரி இல்லாத சாதாரண சிஸ்டம் லைன் போனா தானும் நின்னுரும், கம்பத்துல வேலை செய்யறவனுக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னு. ராத்திரி இருட்டுக்கு அது பதில் சொல்லாது.

17 மார்ச் 2024

தம்பி லித்தியம் வாங்கலாமாங்கான். வாங்கலாம், ஆனா ரெண்டு கன்ட்ரோலர்லயும் எல்லா அளவையும் மாத்தணும், சூட்டுக் கணக்கை அணைக்கணும். அதுக்குள்ள இருக்கிற பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரியைக் காக்கிற போர்டு) திடீர்னு வெட்டினா, பேட்டரி இல்லாம பேனலோட மட்டும் நிக்கிற கன்ட்ரோலர் என்ன ஆகும்னு மூணாம் தேதி ஏப்ரல் குறிப்புல இருக்கு. இப்போ இருக்கிற டியூபுலர் எப்படி இருக்குன்னு முதல்ல பாப்போம். பன்னிரண்டு செல்லையும் ஒவ்வொண்ணா அளந்து எழுதி அனுப்பு, ஒண்ணுரெண்டு மட்டும் கீழ நின்னா வேற பேச்சு.

18 மார்ச் 2024

ஹைட்ராமீட்டர் இரவல் கேக்கான். கொடுக்கலாம், எங்கிட்ட இருந்தா. ஆகஸ்ட்ல ஆரியங்காவு அண்ணாச்சி ‘ரெண்டே நாள்’னு வாங்கிட்டுப் போனார். அண்ணாச்சி, இழையைப் படிக்கீங்கன்னு தெரியும். கொல்லம் ரயில்ல யாராவது செங்கோட்டைக்கு வந்தா கொடுத்து விடுங்க. கண்ணாடிச் சாமான், துணியில சுத்தி.